பத்தியமும் மாலை நேர அழுகையும்

குழு: ஆரணி வீட்டார்
குழு விவரம்: குரல் பதிவுகள் வேண்டா. எழுதுவோர் முழு வாக்கியமாக எழுதவும். – தாத்தா

நிவேதா:
பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம். பெரியம்மா காலையில் அனுப்பிய செய்தியைப் படித்தேன். ஏழாம் மாதத்திலிருந்து கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பால், ஐஸ்கிரீம் ஆகியவற்றை விட்டுவிட்டால், பிறக்கும் பிள்ளைக்கு வயிற்று உப்புசமும் மாலை நேர அழுகையும் வரவே வராது என்று அதில் இருக்கிறது. அக்காவின் பிள்ளை ஒன்றரை மாதத்தில் எப்படி வீறிட்டு அழுதான் என்பதை எல்லோரும் பார்த்தோம். அப்போது அக்காவின் காதில் விழுந்த பேச்சுகளை நானும் கேட்டேன். அதனால் நேராகவே கேட்கிறேன். நான் இப்போது சாப்பிடுவதாலோ சாப்பிடாமல் விடுவதாலோ அந்த அழுகையைத் தடுக்க முடியுமா?

சாரதா பெரியம்மா:
கண்ணு, நாலு பிள்ளைகளை வளர்த்தவள் சொல்கிறேன். வாயுப் பண்டம் எதையும் எங்களைத் தொட விடமாட்டார்கள். கத்தரிக்காய் கிரந்தி, தோலில் சொறி வரும் என்று என் மாமியார் அதைக் கண்ணிலேயே காட்டவில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக, அது வாயும் வயிறுமாய் இருப்பவளுக்கு ஆகிவிடுமா?

கோபி மாமா:
அக்கா, அந்த நாலு பேரில் மூன்றாமவன் தெருவே கூடும்படி அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சாரதா பெரியம்மா:
அது கண்ணேறு.

தமிழ்ச்செல்வி சித்தி:
நிவேதா, குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள். கத்தரிக்காயோ உருளைக்கிழங்கோ உன் குடலில் உண்டாக்கும் வாயு உன்னோடு முடிந்துவிடும். அது நஞ்சுக்கொடி வழியாகப் போய்ப் பிள்ளையின் வயிற்றில் தங்குவதில்லை. பாலை விட்டால் பிள்ளைக்கு ஆதாயம் எதுவும் இல்லை, உனக்குத்தான் நட்டம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. நம் வீட்டுச் சாப்பாட்டில் பாலையும் தயிரையும் மோரையும் எடுத்துவிட்டால் அந்த அளவை எட்டுவது கடினம்.

மருத்துவர்கள் கோலிக் என்று சொல்வது, நன்றாகப் பால் குடித்து எடையும் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளை காரணம் தெரியாமல் நெடுநேரம் அழுவதைத்தான். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதை அப்படிக் கொள்ளலாம் என்று அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெசல் 1954இல் வகுத்த கணக்கு இன்றும் பேசப்படுகிறது. இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும், புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் வரும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த உச்சம் பிறந்த நாளிலிருந்து எண்ணினால் சரியாக வருவதில்லை. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால்தான் ஆறாம் வாரத்தில் வந்து நிற்கிறது. பிள்ளையின் மூளையும் குடலும் முதிர்வதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் இது என்று நான் நினைப்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. தாய் தின்ற பண்டம் காரணமாக இருந்தால் இந்தக் கணக்கு ஏன் ஒத்துப்போக வேண்டும்?

நிவேதா:
அப்படியானால் கர்ப்ப காலத்தில் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா, சித்தி?

தமிழ்ச்செல்வி சித்தி:
ஒன்று இருக்கிறது, அது சாப்பாட்டில் இல்லை. புகையிலை. கர்ப்ப காலத்தில் புகைத்த தாய்மாரின் பிள்ளைகளுக்குக் கோலிக் அதிகமாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. டென்மார்க்கில் பல்லாயிரம் தாய்மாரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், புகையை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக நிக்கோட்டின் (புகையிலையில் உள்ள போதைப் பொருள்) கலந்த ஒட்டு, மெல்லும் பசை போன்ற மாற்றுப் பொருள்களைப் பயன்படுத்தியவர்களின் பிள்ளைகளிடமும் அதே போக்குத் தெரிந்தது. ஆகவே புகையைவிட நிக்கோட்டின் மீதுதான் சந்தேகம் விழுகிறது. புகையிலையை விலக்கினால் வரவே வராது என்று நான் சொல்லவில்லை; வரும் வாய்ப்புக் குறையலாம், அவ்வளவுதான். எடை குறைந்து பிறப்பது, குறைப்பிரசவம் போன்றவற்றைத் தவிர்க்கவும் புகையிலையை விலக்கத்தான் வேண்டும்.

நிவேதா:
நான் புகைப்பதில்லை, இவரும் புகைப்பதில்லை. ஆனால் குடியாத்தத்தில் என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார். முறத்தில் தூளை வைத்துக்கொண்டு அவர் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது வழக்கம்.

தமிழ்ச்செல்வி சித்தி:
நான் சொன்ன ஆய்வு புகைத்தவர்களைப் பற்றியது, பீடி சுற்றுவோரைப் பற்றியதன்று. ஆனாலும் புகையிலைத் தூளில் இருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும். ஆகையால் முறத்தையும் தூளையும் காற்றோட்டமுள்ள வேறு இடத்துக்கு மாற்றச் சொல். வேலை முடிந்ததும் அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சேலையையும் மாற்றிக்கொண்ட பிறகு உன்னருகில் வரட்டும். கூலி வேலையை விடச் சொல்லி அவரை வருத்தாதே. வளைகாப்பு முடிந்து நீ இங்கே, சத்துவாச்சாரிக்கு, வந்துவிடுவாய்.

கோபி, இது உனக்கும்தான். மொட்டை மாடியில் பிடித்துவிட்டு வந்து அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்குவதற்கு இந்த வீட்டில் இடமில்லை.

கோபி மாமா:
உத்தரவு.

தாத்தா:
செல்வி, பிள்ளை பிறந்த பிறகு வசம்பு உரைத்துப் புகட்டலாமா? அழும் பிள்ளைக்குக் கிரைப் வாட்டர் கொடுப்பதும் இந்த வீட்டில் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது.

தமிழ்ச்செல்வி சித்தி:
அப்பா, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். வசம்பும் வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம். ஒரு வயது வரை நாக்கில் தேன் தடவவும் கூடாது. அது பாட்டுலிசம் என்னும் கொடிய நஞ்சு நோயைக் கொண்டுவரக்கூடும். பழைய மருந்துச் சீட்டில் வயிற்று வலிக்கான டைசைக்ளோமின் சொட்டு மருந்து இருந்தால் அதையும் தொடக்கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது மூச்சையே நிறுத்திவிடலாம்.

சாரதா பெரியம்மா:
மனசு கலங்கினாலும் பிள்ளை அழும் என்பார்களே, அதுவாவது உண்மையா?

தமிழ்ச்செல்வி சித்தி:
கர்ப்பத்தில் மிகுந்த மனவுளைச்சலோடு இருந்தவர்களின் பிள்ளைகள் அதிகம் அழுததாகச் சில ஆய்வுகள் உண்டு, பெரியக்கா. ஆனால் அதை எடுத்துக்கொண்டு, "நீ கவலைப்பட்டாய், அதனால்தான் பிள்ளை அழுகிறது" என்று இவளிடம் புதிய குற்றப்பத்திரிகை படிக்கக்கூடாது. கவலைப்படாதே என்று சொல்வதால் எவருடைய கவலையும் போனதில்லை. வேலையைக் குறைத்து, உறக்கத்துக்கு இடம் கொடுத்தால் ஓரளவு குறையும்.

பிள்ளை பிறந்த பிறகு அழுதால், முதலில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, தொடையிடுக்கில் வீக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் தோளில் போட்டு நடப்பதும் கை மாற்றிக் கை தூக்குவதும்தான் வழி. பொறுமை போய்விட்டால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எந்த நிலையிலும் பிள்ளையைப் பிடித்துக் குலுக்கக்கூடாது.

சாரதா பெரியம்மா:
சரி. பிரசவ நாளிலிருந்து ஆறாம் வாரம் என்றால் ஐப்பசி மாதம் வருகிறது. அப்போது நான் சத்துவாச்சாரிக்கு வந்து தங்கிவிடுகிறேன். மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நிவேதா சாப்பிட்டுவிட்டுத் தூங்கட்டும்.

கோபி மாமா:
ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நான். குளித்துவிட்டு, வேறு சட்டையோடு.