பிரேக் விசைக் கணக்கு: 5,400 வரவேண்டிய இடத்தில் 69,984 வருகிறது

கதிர்:
1,200 கிலோ நிறையுள்ள கார், சமதளச் சாலையில் மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் போகிறது. பிரேக் போட்டதும் 25 மீட்டரில் நிற்கிறது. அதை நிறுத்திய விசை எவ்வளவு? வி² = யு² + 2ஏஎஸ் (வி இறுதி வேகம், யு தொடக்க வேகம், ஏ முடுக்கம், எஸ் தூரம்) போட்டேன். ஏ = −58.32 வந்தது. 1,200-ஆல் பெருக்கினால் 69,984 நியூட்டன். விடைப் பக்கத்தில் 5,400 என்று இருக்கிறது. ஈர்ப்பு விசையைக் கழிக்க வேண்டுமா?

பொன்னி:
வேண்டாம். எடை (1,200 × 9.8 = 11,760 நியூட்டன்) கீழே இழுக்கிறது, சாலை அதே அளவு மேலே தள்ளுகிறது. கிடைமட்டக் கணக்கில் இரண்டுமே வராது.

சூத்திரம் சரி, அலகுதான் தப்பு. உங்கள் விடையை 5,400-ஆல் வகுத்துப் பாருங்கள்: 12.96 வரும். அது 3.6-இன் வர்க்கம். மணிக்கு கி.மீ.-இல் உள்ள 54-ஐ மீ/விநாடிக்கு மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டீர்கள். 54 ÷ 3.6 = 15 மீ/விநாடி. இனி 0 = 225 + 50ஏ, ஏ = −4.5, விசை −5,400 நியூட்டன். கழித்தல் குறி, விசை வண்டி ஓடும் திசைக்கு எதிராக இருப்பதைக் காட்டுகிறது.

58.32 வந்ததுமே சந்தேகம் வரவேண்டும். ஈர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு அது! காய்ந்த தார்ச்சாலையில்கூடச் சாதாரண டயருக்கு ஒரு மடங்கை எட்டுவதே பெரும்பாடு.

மாறன்:
எண்களைக் கடைசியில் போட்டுப் பழகுங்கள். வி = 0 என்பதால் எழுத்திலேயே சுருக்கினால் விசையின் அளவு = எம் × யு² ÷ 2எஸ் (எம் என்பது நிறை). யு-வுக்கு மேல் வர்க்கம் இருக்கிறது, எஸ் கீழே இருக்கிறது. அதே பிரேக் விசையில் வேகம் 108 ஆனால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு, 100 மீட்டர். புதிதாகக் கணக்கே போடவேண்டாம்.

சரிபார்க்க: சராசரி வேகம் 7.5, நேரம் 25 ÷ 7.5 = 3.33 விநாடி, 15 ÷ 3.33 = 4.5.

கதிர்:
இப்போது சரியாக வருகிறது, நன்றி. அடுத்த கணக்கில் அதே காருக்கு "காற்றுத் தடையும் உருளும் உராய்வும் சேர்ந்து 400 நியூட்டன்" என்று கொடுத்து, பிரேக் விசையை மட்டும் கேட்கிறார்கள். 5,800-ஆ?

பொன்னி:
5,000. எஃப் = எம்ஏ என்பதில் எஃப் நிகர விசை, அதாவது எல்லா விசைகளும் திசையோடு சேர்ந்த மொத்தம். பிரேக், 400 இரண்டும் பின்னோக்கியே இருப்பதால் பிரேக் + 400 = 5,400. கார் வேகமெடுக்கும் கணக்கென்றால் எஞ்சின் விசை − 400 = எம்ஏ. முதலில் அம்புக்குறிப் படம் போட்டுவிட்டால் கூட்டலா கழித்தலா என்ற குழப்பமே வராது.