எங்கள் ஊர்ப் பக்கம் தீயணைப்பு நிலையம் கேட்க வழி சொல்லுங்கள்

உறவுகளே, வணக்கம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. போன வாரம் பெரியப்பாவின் வைக்கோல் படப்பு தீப்பிடித்தது. 101க்கு அழைத்தோம், வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம். அதற்குள் பசுவை மட்டும் அவிழ்த்துவிட முடிந்தது. முதுகு ரோமம் கருகிவிட்டது. வந்த வீரர்கள் மேல் துளியும் கோபமில்லை. விடியும்வரை சாம்பலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடித்தார்கள், பாவம்.

ஊதியம், வண்டி எல்லாம் மாநில அரசின் நிதியில்தான். தீயணைப்புச் சேவையை விரிவுபடுத்த 2023இல் மத்திய அரசும் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் கொண்டுவந்தது. கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டோம். அடுத்து மனுவை ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதா, துறை இயக்குநருக்கே அனுப்புவதா? காலிப் பணியிட விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது? ஏற்கெனவே போராடி நிலையம் வாங்கிய ஊர்க்காரர்கள் இருந்தால், மனுவின் நகலை அனுப்புங்கள்.