புதுப்பிப்பு: காட்பாடி ஷெட், காற்றுச் சுமைத் திருத்தம்

12×24 மீட்டர், 6 மீட்டர் உயரம், 10 பாகை கூரை. முன்பு உள்ளழுத்தக் கெழுவை (ஷெட்டுக்குள் காற்று தரும் அழுத்தம் காற்றழுத்தத்தில் எத்தனை மடங்கு என்ற எண்) ±0.2 என்று போட்டிருந்தேன். அது தவறு. நெடுஞ்சுவரில் 4×3 மீட்டர் ஷட்டர் இரண்டு வருகின்றன. திறப்பு 5 சதவீதத்தைத் தாண்டுவதால் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 பகுதி 3 படி ±0.5.

கூரையின் வெளிக்கெழு (வெளிப்பக்க அழுத்தத்துக்கான எண்) −1.2, அதாவது மேல்நோக்கிய உறிஞ்சல். உள்ளே +0.5 கூரையை மேலே தள்ளும்போது இரண்டும் சேர்ந்து −1.7, முன்பு −1.4தான். காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் என்றால் 1.7 மேல்நோக்கி இழுக்கும். கூரை ஷீட்டும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினும் சேர்ந்தே சுமார் 0.15தான்! அதனால் 0.9 மடங்கு தன்னெடை, 1.5 மடங்கு காற்று என்ற சேர்க்கைதான் தூணை அடித்தளத்தில் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டையும் அடித்தள எடையையும் தீர்மானிக்கிறது. அப்போது பர்லினின் கீழ்விளிம்பு அமுக்கத்துக்கு உள்ளாகும். மேலே உள்ள ஷீட் அதைப் பிடிக்காது, பர்லின்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பியான சேக் ராடை (sag rod) அங்கும் கட்டுங்கள்.

அடிப்படைக் காற்று வேகத்துக்குச் சென்னையின் 50 மீ/வி, பெங்களூரின் 33 இரண்டையும் வேலூருக்கு அப்படியே எடுக்காதீர்கள். தரநிலையின் காற்று வேக வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள்.