குளிர்ப் பக்கத்து வீட்டுக்கு எந்தத் தரை சரிவரும்?

வணக்கம். நுவரெலியாப் பக்கம் 7 பேர்ச் காணியில் வீடு கட்டுகிறோம். கூரை போட்டாச்சு, தரை வேலைதான் பாக்கி.

தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் சிவப்பு பொலிஷ் போட்ட சீமெந்துத் தரையில் வளர்ந்தவன் நான். இப்போது மேசன் பாஸ் வீடு முழுக்கப் பளபளப்பான டைல்ஸ் போடச் சொல்கிறார். மூடுபனி உள்ளே வந்தால் குளிர்ந்த டைல்ஸில் தண்ணீர் பூத்து நிற்குமே! சித்தி வீட்டில் அப்படித்தான் அம்மா வழுக்கி விழுந்து, ஒரு மாதம் கையில் கட்டோடு இருந்தார். அதனால் குளியலறைக்கும் இஸ்தோப்புக்கும் (முன் விறாந்தை) சொரசொரப்பான டைல்ஸ் என்று முடிவு. குசினிக்குப் பளபளப்பில்லாத போர்சலின் டைல்ஸ். அது நீரை 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது, எண்ணெய்க் கறையும் துடைத்தால் போய்விடும்.

சிக்கல் அம்மாவின் படுக்கையறைதான். மூட்டுவலிக்காரர், விடியற்காலையில் டைல்ஸில் கால் வைத்தால் ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். பலகைத் தரைக்கு ஆசைதான், ஆனால் ஈரத்தில் பலகை ஊதிப்போகும், கறையானும் வரும். பலகை மாதிரித் தெரியும் லேமினேட்டின் உள்ளே இருப்பதும் அழுத்திய மரத்தூள்தானே. பசை பூசி ஒட்டும் வினைல் (பிளாஸ்டிக் தரை) காலுக்கு இதம், மேலே தண்ணீர் பட்டாலும் தாங்கும். ஆனால் கொங்கிரீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிக்க மறந்துவிட்டோம் (என் பிழைதான்). மண் ஈரம் மேலேறிப் பசை விட்டுப்போகுமோ?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வினைல் போட்டு இரண்டு மழைக்காலமாவது கண்டவர்கள் இருக்கிறீர்களா? அல்லது சீமெந்துத் தரையை அப்படியே விட்டுப் பாய் விரிப்பது நல்லதா? படம் இருந்தால் போடுங்கள். பாஸ் திங்கட்கிழமை வருகிறார்.