மக்கள் நெருக்கமான இடத்தைத் தேடிச் செல்வது ஏன்? அடர்த்தி, நிலப்படம், இடப்பெயர்வு குறித்து ஓர் ஐயம்

கேள்வி:

மானிடப் புவியியலை ஆசிரியர் துணையின்றிப் படித்து வருகிறேன். நெரிசலான இடத்திலிருந்து ஆளில்லாத இடம் நோக்கி மக்கள் நகர்வதே இயல்பு என்று எண்ணியிருந்தேன். ஆனால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2 பேர் மட்டுமே வாழும் மங்கோலியாவில், ஏறத்தாழப் பாதி மக்கள் தலைநகர் உலான்பத்தாரிலேயே குவிந்திருக்கிறார்கள். எகிப்தைப் பார்த்தால், உலக மக்களடர்த்திப் படத்தில் நடுத்தர நிறத்தில் இருக்கிறது. ஆனால் நைல் பள்ளத்தாக்கு உலகின் மிக நெருக்கமான பகுதிகளுள் ஒன்று என்கிறார்கள். படம் தவறா, நான் படிக்கும் முறை தவறா?

மறுமொழி 1:

படம் தவறன்று; ஒரு நாட்டின் சராசரியை எடுத்து, எல்லைக்கோடு வரைக்கும் ஒரே நிறமாகப் பூசுவது அவ்வகைப் படத்தின் இயல்பு. எகிப்தின் பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 2020ஆம் ஆண்டில் 10 கோடியைத் தொட்டது. வகுத்தால் 100 வருகிறது. ஆனால் அங்கே பயிர் செய்யப்படும் நிலம் மொத்தப் பரப்பில் சுமார் 4 விழுக்காடுதான். அதே மக்களை அந்த நிலத்தால் மட்டும் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2,500 பேர் ஆகிறது. இரண்டும் சரியான எண்களே. எதை எதனால் வகுத்தோம் என்று கேட்காமல் அடர்த்தியைப் பற்றிப் பேசக்கூடாது.

ஒரு பயிற்சி செய்து பாருங்கள். எகிப்தின் எல்லைக்கோடு மட்டும் உள்ள வெற்றுப் படத்தில், லட்சம் பேருக்கு ஒரு புள்ளி வீதம், மக்கள் வாழும் இடங்களில் பென்சிலால் ஆயிரம் புள்ளிகள் வையுங்கள். தெற்கிலிருந்து மெல்லிய கயிறுபோல் ஏறி, கெய்ரோவைத் தாண்டியதும் கடலை நோக்கி விசிறிபோல் விரியும் ஓர் உருவம் தோன்றும். ஆற்றை நீங்கள் வரைந்திருக்க மாட்டீர்கள். ஆனால் ஆறு அங்கே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:

செய்து பார்த்தேன், மிக்க நன்றி. ஆனால் மேற்குப் பாலைவனத்தில் சீவா பாலைவனச் சோலைக்குப் புள்ளியே விழவில்லை. அங்கும் மக்கள் வாழ்கிறார்கள் அல்லவா?

மறுமொழி 1 எழுதியவர்:

நல்ல கவனிப்பு. அங்கே லட்சம் பேர் இல்லாததால் உங்கள் கணக்கில் அது விடுபட்டது. புள்ளியின் மதிப்பைப் பத்தாயிரமாகக் குறைத்தால் சீவா தோன்றும். ஆனால் நைல் டெல்டா கரும்பரப்பாகிவிடும். எதைக் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டே படம் வரைய வேண்டியிருக்கிறது.

மறுமொழி 2:

மங்கோலியாவைப் பற்றிச் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெற்றிடமாகத் தெரிகிற அப்புல்வெளி, கால்நடை வளர்ப்போருக்கு வெற்றிடமே அன்று. ஒரு மந்தை பிழைக்க மிகப் பரந்த மேய்ச்சல் நிலம் வேண்டும். கடுங்குளிரில் கால்நடைகள் கூட்டம் கூட்டமாக மடியும் ஆண்டுகளுக்குப் பின், மந்தையை இழந்த குடும்பம் தன் கம்பளிக் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றி, தலைநகரின் விளிம்பில் வேலியிட்ட ஒரு சிறு மனையில் மீண்டும் நிறுத்துகிறது. மந்தையின் இழப்பு உந்துகிறது. பள்ளி, மருத்துவமனை, கூலி வேலை ஆகியவை ஈர்க்கின்றன. மக்களை நகர்த்துவது வாழ்வாதாரம். அடர்த்தி தன்னளவில் எவரையும் நகர்த்துவதில்லை.

உந்துதல், ஈர்ப்பு ஆகிய இவ்விரண்டோடு இடையிலுள்ள தடைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மக்கள்தொகை ஆய்வாளர் எவரெட் லீ 1966இல் எழுதினார். உலான்பத்தாரில் 2017இல் புதிதாகக் குடியேறுவோருக்குத் தடை விதிக்கப்பட்டபோதும், பதிவு செய்யாமலே பலர் வந்து குடியேறினார்கள். தடை இருந்தால் நகர்வு நின்றுவிடும் என்பதில்லை. வந்தவர்கள் பதிவேட்டிலிருந்து மறைகிறார்கள், அதனால் வரும் துன்பத்தையும் அவர்களே சுமக்கிறார்கள்.

மறுமொழி 3:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இடப்பெயர்வு என்றதும் நாடு கடப்பதையே பலர் நினைக்கிறார்கள். ஐ.நா. மதிப்பீட்டின்படி 2020இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 28.1 கோடிப் பேர். உலக மக்களில் 3.6 விழுக்காடு. இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் குறைந்த தொலைவே செல்கிறார்கள் என்று புவியியலாளர் ராவன்ஸ்டைன் 1885இலேயே பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு காட்டினார். ஒவ்வொரு பெயர்வுக்கும் எதிர்த்திசைப் பெயர்வு ஒன்று உண்டு என்பதும் அவர் கண்டதே. ஆகவே உலான்பத்தாரிலிருந்து புல்வெளிக்குத் திரும்புவோரையும் தேடிப் பாருங்கள். நகரத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.