அரசுப் பணம் வாங்கும் தனியார் பள்ளி: தேர்ந்தெடுப்பது பெற்றோரா, பள்ளியா?

கேள்வி (வெயிலோன்):
பெற்றோர் விரும்பும் பள்ளிக்கு அரசு பணம் தர வேண்டும், அது அவர்களின் உரிமை என்று பல நாடுகளில் வாதிடுகிறார்கள். மனித உரிமைப் பிரகடனத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். சட்டம் உண்மையில் எதுவரை போகிறது? பணத்தைக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும்?

பதில் (நூலகவாசி):
1948 பிரகடனத்தின் 26(3) பிரிவு, பிள்ளைக்கு எத்தகைய கல்வி என்று முடிவு செய்யும் முன்னுரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. பணத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1966 பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 13(3) இன்னும் தெளிவு: அரசு நடத்தாத பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அந்தப் பள்ளி அரசு வகுத்த குறைந்தபட்சத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். தனியார் பள்ளிக்கு நிதி தரும் கடமை அரசுக்கு இல்லை, தந்தால் பாகுபாடில்லாமல் தர வேண்டும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 1999இல் விளக்கியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் பியர்ஸ் என்ற வழக்கில் 1925இல் தந்த தீர்ப்பையும் பாதி மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்ற ஒரிகன் மாநிலச் சட்டம் அதில் ரத்தானது உண்மை. பள்ளிகளை ஆய்வு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. நெதர்லாந்து வேறு வழி போனது. அங்கே 1917 முதல் தனியார் தொடக்கப் பள்ளிக்கும் சமநிதி தருவது அரசியலமைப்புக் கடமை.

பதில் (ஆண்டிஸ்):
ஒதுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலியைப் பாருங்கள். 1981இல் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அங்கே அரசுப் பணமும் போகும் என்று ஆக்கினார்கள். 1993இல் அந்தப் பணத்துக்கு மேல் பள்ளி தனிக் கட்டணமும் வாங்கலாம் என்றார்கள். பெற்றோர் நேர்காணல், குழந்தைக்கு நுழைவுத் தேர்வு என்று வடிகட்டவும் பள்ளிகளுக்கு வழி இருந்தது. சொல்லிக்கொடுக்கச் சிரமமான பிள்ளையைக் கழித்துவிட்டாலே தேர்ச்சி விகிதம் ஏறிவிடும், ஆசிரியரை மேம்படுத்தும் செலவும் மிச்சம். தேர்ந்தெடுக்கும் உரிமை பள்ளியின் கைக்குப் போனது இப்படித்தான்.

திருத்தம் இரண்டு கட்டமாக வந்தது. 2008இல் ஏழை மாணவருக்குக் கூடுதல் மானியம். 2015 சட்டத்தில் மாணவரை வடிகட்டல், கூடுதல் கட்டணம், இலாபம் மூன்றுக்கும் படிப்படியாகத் தடை. இப்போது அங்கே உடன்பிறந்தோர், வறிய மாணவருக்கான 15% இடம் போன்ற முன்னுரிமைகள் போக, மீதிக்குக் குலுக்கல்தான்.

வெயிலோன்:
குலுக்கலுக்குப் பதில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்று வைக்கலாமே? எளிதாக இருக்குமே.

ஆண்டிஸ்:
சுவீடனில் பல தனியார் பள்ளிகள் அப்படித்தான் இடம் தருகின்றன. குழந்தை பிறந்த கையோடு பெயர் பதிவு செய்யும் விவரமான பெற்றோர் முந்திக்கொள்வார்கள். ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம் வரிசையின் வாலில்தான் நிற்கும்.

பதில் (கணக்கன்):
குலுக்கலோடு வேலை முடியாது. இடம் ஒதுக்கும் விதியும் சரியாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் 2005 வரை இருந்த முறையில் முதல் விருப்பமாக எழுதியவருக்கே முதலில், அதுவும் இறுதியாக, இடம் கொடுத்தார்கள். முதல் விருப்பம் தவறினால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். அதனால் பெற்றோர் மனதில் உள்ளதை விட்டுவிட்டு, கிடைக்கக்கூடியதை முதலில் எழுத வேண்டியிருந்தது.

மாற்று முறை இது. எல்லோரும் முதல் விருப்பத்துக்கு விண்ணப்பிப்பார்கள். பள்ளி தன் இடங்களுக்குத் தற்காலிகமாக மட்டும் ஆட்களை வைத்துக்கொண்டு மற்றவரை அனுப்பிவிடும். திரும்பியவர் அடுத்த பள்ளிக்குப் போவார். அங்கே ஏற்கெனவே இருப்பவரோடு சேர்த்து, முன்னுரிமைப்படி மறுபடி ஒப்பிடுவார்கள். உதாரணமாக, 30 இடமும் நிரம்பிய பள்ளிக்கு அக்கா படிக்கும் ஒரு பிள்ளை மூன்றாவது விருப்பமாக வந்தாலும், முன்னுரிமை குறைந்த ஒருவரை நகர்த்திவிட்டு உள்ளே வரலாம். யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாத நிலை வரும்வரை சுற்று தொடரும், அதன் பிறகே இடம் உறுதி. இதில் உண்மையான விருப்பத்தை எழுதுவதால் நட்டமே வராது.

ஒரு பொறி உண்டு. எழுதும் பள்ளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் இந்தப் பலன் குறையும். நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் 12 பெயர்களே எழுத முடிந்தது. வரம்பு இருந்தால், மேலே ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். கடைசி ஓரிரு இடங்களில் மட்டும், உங்கள் பிள்ளைக்கு முன்னுரிமை உள்ள பள்ளியைக் கட்டாயம் சேருங்கள்.