'ரிகால்சிட்ரன்ட்' வித்துக்கு 'உலர்தாங்கா வித்து' எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

காயவைத்தால் செத்துவிடும் வித்துகளைக் குறிக்கும் 'ரிகால்சிட்ரன்ட்' (recalcitrant) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'பிடிவாத வித்து' என்று முன்மொழிந்த ஐயாவின் மடலை வாசித்தேன். ஆங்கிலச் சொல்லுக்கு அது நேரான பொருள்தான், ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. உலர்த்திக் குளிரில் வைத்தால் நெடுங்காலம் இருக்கும் வித்துகளை 1973இல் வித்து ஆய்வாளர் ராபர்ட்ஸ் 'ஓர்தொடொக்ஸ்' (orthodox) என்றார், அதற்கு இணங்காதவற்றை 'ரிகால்சிட்ரன்ட்' என்றார். சேமிப்பவரின் எரிச்சல்தான் அந்தப் பெயரில் தெரிகிறது. வித்தின் இயல்பு தெரியவில்லை.

கத்தரி வித்தைச் சாம்பலில் பிரட்டிக் காயவைத்து அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கிறோம். மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் அப்படிக் காய்ந்தால் செத்துவிடும், பழம் தின்ற கையோடு நட வேண்டும். நாவலும் இலுப்பையும் அப்படித்தான். கடல்நீரேரிக் கரையில் நிற்கும் கண்ணா மரத்தின் வித்தோ உலர்வதற்கு நேரமே கொடாமல் முளைக்கத் தொடங்கிவிடும். கத்தரி போன்றவை முற்றும்போதே உலரத் தொடங்குகின்றன. இவையோ ஈரத்தோடும் ஓயாத அனுசேபத்தோடும் (உயிர்ப்புக்கான வேதிச்செயல்களோடும்) உதிர்கின்றன.

ஆகவே 'உலர்தாங்கா வித்து', எதிர்ச்சொல் 'உலர்தாங்கு வித்து'. ஓர்தொடொக்ஸை 'மரபு வித்து' என்று எழுதுவதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம், கமக்காரர் அதைப் பாரம்பரிய நெல்லினம் என்றுதான் விளங்கிக்கொள்வார். 'ஈரவித்து' சுருக்கமானதுதான். ஆனால் ஊறப்போட்ட விதைநெல்லும் ஈரவித்துத்தானே?

இதில் நான் இவ்வளவு பிடியாக நிற்பது காடுகளை நினைத்து. 2008இல் நோர்வேயின் வடதுருவத் தீவொன்றில் திறந்த சுவால்பார்ட் வித்துக் களஞ்சியத்தில் −18 பாகை செல்சியஸில் இருப்பவை உலர்தாங்கு வித்துகள். இலங்கையின் சிங்கராசா மழைக்காட்டில் நிற்கும் ஹொர மரத்தின் வித்து உலர்தாங்காதது, அதற்கு அங்கே இடமில்லை. வித்தினுள் இருக்கும் முளையத்தை (கருவை) மட்டும் பிரித்தெடுத்து −196 பாகைத் திரவ நைதரசனில் வைக்கும் முறை இருக்கிறது, ஆனால் இனத்துக்கு இனம் அதற்கான பக்குவத்தைத் தனியே கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை அந்த மரங்களுக்குக் காடுதான் களஞ்சியம். வித்தைச் சேமித்துவிட்டோம், இனிக் காட்டை வெட்டலாம் என்று யாரும் வாதிட முடியாது. 'உலர்தாங்கா' என்ற பெயரைக் கண்டதுமே உயர்தர வகுப்பு மாணவருக்கு இது பிடிபட வேண்டும்.

சரி, கோப்பியை என்ன செய்வது? அதன் வித்து ஓரளவு உலர்வதைத் தாங்கும், ஆனால் உலர்ந்தபின் குளிரில் கெட்டுவிடும். 1990இல் இதை மூன்றாம் வகையாகப் பிரித்தார்கள். இப்போதைக்கு 'இடைநிலை வித்து' என்று எழுதிவருகிறேன். குளிரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் குறை. விவசாய பீடத்தில் இருப்பவர்கள் இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.